நிமிர்வதில் இருக்கிறது வேலை

காலை ஒன்பது மணிக்குள் தண்டையார்பேட்டையின் அந்தச் சந்தில் மூன்று மொபெட்கள் வந்து நின்றுவிட்டன. மூன்றும் காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப் போகும் வண்டிகள். பின்னால் கட்டிய பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் வண்டிக்காரர் சாவியை நீட்டும்போதே சொன்னார்: "அண்ணே, பள்ளத்துல எறங்குனா நடு முதுகுல இடிக்குது. ராத்திரி படுக்க முடியல."

பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. அறுபதை நெருங்கும் வயது. சந்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சீட்டின் பின்பக்கம் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் போட்டு ஒருமுறை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். வண்டி துள்ளி எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகுதான் அடங்கியது.

"ஸ்பிரிங் இருக்கு. எண்ணெய் போயிடுச்சு," என்றவர் என் பக்கம் திரும்பினார். "வண்டி குனியறதப் பாக்காதீங்க சார். எல்லா வண்டியும் குனியும். நிமிர்றதப் பாருங்க. அதுலதான் வேலை இருக்கு."

நான் அங்கே போனது என் வண்டிக்காக. ஆறு வருடமாக ஓட்டுகிறேன். சில மாதங்களாகப் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். வேறொரு இடத்தில் காட்டியபோது, பார்த்த மாத்திரத்தில் ஷாக்கையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். மாஸ்டரோ பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, "ஷாக்கு மேல பழி போடாதீங்க, லிங்க்ல ஆட்டம் இருக்கு" என்றார். முந்தின நாள் மாலையே வண்டியை விட்டிருந்தேன். துருப்பிடித்த லிங்க் போல்ட்டில் இரவு முழுக்க எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. அது இளகி வேலை முடியும்வரை அந்தச் சந்தில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க எனக்கு ஒரு முழு நாள் வாய்த்தது.

ஷாக் அப்சார்பர் என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது ஸ்பிரிங்தான். அதிர்ச்சியைத் தாங்குவதும் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்பிரிங் சுமையைத் தாங்கும், உண்மை. ஆனால் அதற்கு எதையும் செரிக்கத் தெரியாது. பள்ளத்தில் வாங்கிய அடியை அப்படியே வைத்திருந்து, அடுத்த நொடியில் நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிடும். அதைச் செரிப்பது உள்ளே இருக்கும் எண்ணெய். ஸ்பிரிங் நிமிரும்போது உள்ளிருக்கும் பிஸ்டன், நுண்ணிய துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த இழுபறியில் அடியின் வேகம் சூடாக மாறி, குழாயின் வழியாகக் காற்றில் கரைகிறது. மேடு பள்ளமான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் கையில் வெதுவெதுப்புத் தெரியும். நம் முதுகில் விழுந்திருக்க வேண்டிய அடிதான் அந்தச் சூடு.

மாஸ்டர் மீன்காரரின் ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, உள்ளிருந்த தண்டை உருவினார். வேஸ்ட் துணியில் துடைத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். குரோம் பூசிய தண்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "நகத்தால ஓட்டிப் பாருங்க." மேலிருந்து கீழே நகத்தை இழுத்தேன். மூன்று இடத்தில் மாட்டியது. கண்ணுக்குப் புள்ளிபோலத் தெரிந்த துரு, நகத்துக்குப் பள்ளமாகத் தெரிந்தது. உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர் நாள் தவறாமல் சொட்டிச் சொட்டிக் குரோமைத் தின்றிருக்கிறது. தண்டு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு ஆயில் சீலின் உதட்டை அறுக்கிறது. எண்ணெய் கசிவது அங்கிருந்துதான்.

"சீலை மட்டும் மாத்திக் குடுத்தா ஒரு மாசத்துல திரும்ப வருவாரு. தப்பு சீல் மேல இல்ல, தண்டு மேல." பழைய தண்டுகளைக் கடைந்து, தேய்த்து, புதிதாகக் கடினக் குரோம் பூசி வாங்கி, காகிதத்தில் சுற்றி ஒரு தகர டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார். அளவு பார்த்து அதிலிருந்து இரண்டு எடுத்தார். ஒரு பக்க ஷாக்கை மட்டும் சரிசெய்தால் வண்டி கோணிக்கொண்டு போகும் என்பதால் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்கிறார். கடைசியாகப் பழைய டியூபை வெட்டி, ஐஸ் தண்ணீர் ஷாக்கின் மேல் விழாமல் ஒரு மறைப்புக் கட்டினார். எந்த நிறுவனத்தின் பொருள் பட்டியலிலும் இல்லாத அந்த ரப்பர் துண்டுக்கு அவர் காசு வாங்குவதில்லை.

பதினோரு மணிக்கு என் வண்டியின் முறை வந்தது. சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துப் பின்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினார்கள். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங் ஆர்முக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் லிங்கில் பாரம் இறங்காது, போல்ட்டும் வராது. பையன் ஸ்பேனரைப் போட்டான். ஐடிஐ முடித்து இங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது அவனுக்கு. போல்ட் நகரவில்லை. மாஸ்டர் முனையில் ஒரு பித்தளைத் துண்டை வைத்து, அதிராமல், ஒரே சீராகத் தட்டினார். இரும்பால் அடித்தால் மரை மலர்ந்துவிடும். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு போல்ட் வெளியே வந்தது. கூடவே செங்கல் பொடிபோலத் துருவும் கொட்டியது.

இந்த லிங்க் என்பது ஸ்விங் ஆர்முக்கும் ஷாக்குக்கும் நடுவே உள்ள சிறிய நெம்புகோல். சக்கரம் நகரும் தூரத்தை விட ஷாக் அமுங்கும் தூரம் குறைவு. பொதுவாக இரண்டரை, மூன்றில் ஒரு பங்குதான். தூரம் குறையும் அளவுக்கு விசை கூடும். ஆகவே சக்கரத்தில் விழும் அடி லிங்கின் மூட்டுகளுக்குப் போய்ச் சேரும்போது பல மடங்காகியிருக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. நெம்புகோலின் கோணம் மாற மாற ஷாக்கின் கெட்டித்தன்மையும் மாறுகிறது. சின்னக் கல்லுக்கு மெத்தென்று இளகும், பெரிய பள்ளத்துக்கு விறைத்துக்கொண்டு தாங்கும்.

மூட்டுக்குள் இருந்த எஃகுக் குழலை மாஸ்டர் என் உள்ளங்கையில் வைத்தார். வழவழப்பாக இருக்க வேண்டிய அதன் உடலில், ஒரு பக்கம் மட்டும், சீப்பை அழுத்தி எடுத்ததுபோல வரிசையான கோடுகள். சக்கரத்து பேரிங் முழுதாகச் சுற்றும், சுற்றுகிற போக்கில் கிரீஸை எல்லா இடத்துக்கும் பரப்பிக்கொள்ளும். லிங்க் பேரிங் சுற்றாது. சில டிகிரி அளவுக்கு முன்னும் பின்னும் அசையும், அவ்வளவுதான். அதே ஊசிகள் அதே இடத்தில் வருடக்கணக்காக அழுத்துகின்றன. அங்கிருந்த கிரீஸ் பிதுங்கி விலகிவிட்டால் திரும்பி வர வழியில்லை. அதிவேகத் தண்ணீர்க் குழாயை அந்த மூட்டுக்கு நேராகப் பிடித்துக் கழுவினால் தூசி சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். நான் ஆறு வருடமும் அப்படித்தான் கழுவக் கொடுத்திருந்தேன். அந்தச் சத்தம் என் கவனக்குறைவின் சத்தம்.

புது பேரிங் கூடு இல்லாத வகை. அதன் ஊசிகளை உள்ளே பிடித்து வைத்திருப்பது கிரீஸ் மட்டும்தான். பையன் உள்ளங்கையில் கிரீஸைக் குழைத்து, சுண்டுவிரலால் உள்வட்டத்தில் தடவி, ஊசிகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். எண்ணினான். மறுபடி எண்ணினான். முகம் மாறியது. ஒன்று குறைந்தது.

மாஸ்டர் திட்டவில்லை. வேலை முழுவதையும் நிறுத்திவிட்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கொடுத்தார். பையன் தரையில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தடவினான். அந்தப் பக்கம் யாரும் நடக்கக்கூடாது என்று மீன்காரரையும் நிறுத்தி வைத்தார்கள். பத்து நிமிடம் கழித்து, வேஸ்ட் துணியின் மடிப்பில், அரிசியை விட மெல்லிய அந்த ஊசி கிடைத்தது. "ஒண்ணு இல்லேன்னாலும் வண்டி ஓடும்டா," என்றார் மாஸ்டர் அவனிடம். "கொஞ்ச நாளைக்கு மத்ததெல்லாம் நேராத்தான் இருக்கும். அப்புறம் ஒண்ணு சாயும். ஒண்ணு சாஞ்சா எல்லாம் சாயும்." நான் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய பாடம் அதிலேயே இருந்தது.

மாஸ்டர் சிறுவனாகப் பட்டறைக்கு வந்தபோது கற்றது புல்லட்டின் இரட்டை ஷாக். ஒரு காலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகவே பிணைந்திருந்தது. ஓட்டுகிறவருக்குத் துணை சீட்டுக்கு அடியில் இருந்த சுருள்கள்தாம். 1948-ல் ராயல் என்ஃபீல்டு வெளிக்காட்டிய புல்லட் ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக்குமாக வந்தது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, அந்த வண்டி இந்தச் சந்துக்கு வடக்கே திருவொற்றியூரில் வேரூன்றியது. ஒற்றை ஷாக் பந்தயக் களத்திலிருந்து வந்தது. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் யோசனையை யமஹா வாங்கிக்கொண்டது. 1973-ல் ஸ்வீடனின் ஹகான் ஆண்டர்சன் ஒற்றை ஷாக் வைத்த யமஹாவில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். 1980-ஐ ஒட்டி கவாசாகி, ஹோண்டா, சுசுகி மூன்றும் லிங்கைச் சேர்த்தன. 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன், லிங்கோடு 180 மில்லிமீட்டர் பின்சக்கர ஓட்டத்தை நம்மூர்ச் சாலைகளுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றையும் மாஸ்டர் யாரும் சொல்லிக் கொடுக்காமல், பிரித்துப் பார்த்தே கற்றிருக்கிறார்.

அந்தக் கல்விக்குக் கொடுத்த விலை அவருடைய இடது மணிக்கட்டில் நீளத் தழும்பாக இருக்கிறது. பத்தொன்பது வயதில், இரண்டு பேர் கையால் அமுக்கிப் பிடித்திருந்த ஸ்பிரிங் நழுவியதாம். இப்போது லேத்தில் கடைந்த ஒரு திருகு அழுத்தி வைத்திருக்கிறார். அதில்லாமல் பையனை எந்த ஸ்பிரிங்கையும் தொட விடுவதில்லை. கேஸ் ஷாக் என்றால் இன்னும் கண்டிப்பு. எண்ணெயில் காற்று கலந்தால் நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்த்து நிற்கும் பலம் இல்லை. அதனால் ஒரு தடுப்புக்கு அப்பால் ஈரமில்லாத நைட்ரஜனை அழுத்தி நிரப்பி எண்ணெயை நெருக்கி வைத்திருப்பார்கள். கார் டயரில் இருப்பதைப் போலப் பல மடங்கு அழுத்தம். அதை வால்வு வழியாக முழுதும் இறக்காமல் மூடியைக் கழற்றுவதும், கேஸ் ஷாக்கை வெட்டுவதும் நெருப்பில் காட்டுவதும் உயிரோடு விளையாடுவது. திறக்க முடியாதபடி மூடிய ஷாக் வந்தால் அவர் தொடுவதில்லை. "இது என் வேலை இல்ல, புதுசு வாங்கிக்குங்க" என்று நேராகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அன்று அப்படி இரண்டு பேரை அனுப்பினார்.

இந்த வேலையை, வண்டி ஓட்டுவதற்கு இதமான வசதி என்று மட்டும் நினைப்பது தவறு என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான அதிர்வை, நொடிக்கு நான்கிலிருந்து எட்டு தடவை அசையும்போதுதான் மிக அதிகமாக உணர்கிறது. முழு உடல் அதிர்வை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 2631 என்று ஓர் உலகத் தரநிலை இருக்கிறது. ஆனால் நாளெல்லாம் இரு சக்கரத்தில் உட்கார்ந்து மீன், தண்ணீர் கேன், சாப்பாட்டுப் பொட்டலம் சுமப்பவர்களின் முதுகை யார் அளக்கிறார்கள்? வலித்தால் தைலம் தடவிக்கொள்கிறார்கள், வயதாகிவிட்டது என்கிறார்கள், சாலையைத் திட்டுகிறார்கள். ஷாக் செத்துப்போனது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. பிரேக் போனால் ஒரே நாளில் தெரியும். ஷாக் போவது மாதக்கணக்காக, துளித்துளியாக நடக்கிறது. உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது.

அதனால் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். மாதம் ஒருமுறை சீட்டை அமுக்கி விட்டுப் பாருங்கள். வண்டி ஒரே மூச்சில் எழுந்து நிற்கிறதா, துள்ளுகிறதா? ஷாக் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறதா? லிங்க் வைத்த வண்டியானால், கார்த்திகை மழை விட்டதும் அந்த மூட்டுகளைப் பிரித்துக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பில்லில் அந்த வரி இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்கப்படும் இடத்தில்தான் இந்தக் கைகளுக்கு வேலை இருக்கும்.

மாலையில் என் வண்டியின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கினார்கள். பிறகு அளவு. பையன் பின் அச்சிலிருந்து வால் பகுதி வரை டேப் பிடித்தான். சக்கரம் அந்தரத்தில் இருந்தபோது ஓர் அளவு, நான் ஏறி உட்கார்ந்ததும் ஓர் அளவு. மொத்த ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் பெரிய பள்ளத்துக்கு இடம் மிஞ்சாது, குறைந்தால் சக்கரம் தரையைத் தேடிப் போகாது. சி ஸ்பேனரால் ஸ்பிரிங்கை இரண்டு சுற்று இறுக்கியதும் கணக்குச் சரியாக வந்தது. சந்து முனை வரை ஓட்டிப் பார்த்தேன். அந்த 'டக்' இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் மீன்காரர் வந்தார். மறுநாள் விடிவதற்குள் அவர் காசிமேட்டில் இருக்க வேண்டும். மாஸ்டர் வைஸ் மேடையைப் பிடித்துக்கொண்டு பலகையிலிருந்து மெல்ல எழுந்தார். ஆனால் வண்டியிடம் போகவில்லை. கை கழுவப் போனார். "நீ பாருடா," என்றார் பையனிடம்.

பையன் இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் போட்டு அமுக்கினான். விட்டான். வண்டி எழுந்தது. அங்கேயே நின்றது.

"எத்தனடா?" முதுகைக் காட்டியபடியே கேட்டார் மாஸ்டர்.

"ஒண்ணு, மாஸ்டர்."

"சாவியக் குடு."