கிளாஸ்கோப் பையன்கள்

கிளாஸ்கோ நகரில் நாம் இறங்கிய அன்று மழை. மறுநாளும் மழை. மூன்றாம் நாள் நனைந்த குடையை மடக்கிக்கொண்டு கெல்விங்குரோவ் சித்திரசாலையைச் சேர்ந்தோம். செந்நிற மணற்கல்லால் எழுப்பி 1901-ஆம் ஆண்டில் திறந்த மாளிகை அது. கப்பல் கட்டியும் ரயில் எஞ்சின் செய்தும் பொருள் குவித்த நகரம், அப்பொருளில் கொஞ்சம் கலைக்கும் ஒதுக்கியதற்குச் சாட்சி. நம் தேசத்து ரயில்களை இழுத்த எஞ்சின்களில் பல அவ்வூர்ப் பட்டறைகளில் பிறந்தவையே. ஆகையால் அச்செல்வத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டென்று எண்ணித் தைரியமாக உள்ளே நுழைந்தோம்.

நாம் தேடிச் சென்றவை 'கிளாஸ்கோப் பையன்கள்' என்று பெயர் பெற்ற சித்திரக்காரர்களின் படங்கள். 1880-க்குப் பிறகு சுமார் இருபது இளைஞர்கள் அந்நகரில் ஒரு கலகம் செய்தார்கள். அக்காலத்துப் பெரியவர்கள் மலையும் மூடுபனியும், கண்ணீர் வரவழைக்கும் கதையுமாக எழுதி, அதன்மேல் பழுப்பு வார்னிஷைத் தடிப்பாகப் பூசி வந்தார்கள். அவர்களுக்குப் பையன்கள் சூட்டிய நாமம் 'பசைச் சட்டிகள்'. பையன்கள் வைக்கும் பட்டப்பெயர் எவ்வளவு பொருத்தமாக விழும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஆயுளைக் கழிக்கும் நாம் நன்கு அறிவோம்.

ஜேம்ஸ் கத்ரி 1882-இல் எழுதிய மலைநாட்டு ஈமச்சடங்கின் படம் அங்கே இருக்கிறது. வீட்டுக்கு வெளியே, நாற்காலிகளின்மேல் ஒரு சவப்பெட்டி. சுற்றிலும் கறுப்பு உடையில் கிராமத்தார் தலை குனிந்து நிற்கிறார்கள். ஓலமில்லை, ஆவேசமில்லை. எழுதியவருக்கு அப்போது இருபதைச் சற்றே தாண்டிய வயது!

எனினும் நம் மனத்தைக் கவர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு அவர் எழுதிய 'பண்ணையாள் மகள்'. அதைக் காண எடின்பரோவுக்கு ரயிலேற வேண்டியிருந்தது. கிழக்குக் கரையோரம் கோபர்ன்ஸ்பாத் என்ற கிராமத்தில் குடியிருந்து எழுதிய படம். கோசுத் தோட்டத்தின் நடுவே ஒரு சிறுமி, கையில் கத்தி. கோசை அறுத்துவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருக்கிறாள். அழவில்லை, சிரிக்கவுமில்லை. நம்மை நேராகப் பார்க்கிறாள். பட்டைத் தூரிகையால் சதுரஞ் சதுரமாக வைத்த வர்ணத்தில் மண்ணும் இலையும் அவள் பாவாடையும் ஒரே குடும்பமாக இருக்கின்றன. வயலிலேயே நின்று குடியானவரை எழுதிய பாஸ்டியன் லெப்பாஜ் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கற்ற வழி இது. அரைமணி நேரம் அவள் எதிரே நின்றோம்.

1890-இல் லண்டனிலும், பிறகு ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் இப்படங்கள் காட்டப்பட்டன. மியூனிக் கொண்டாடியது. அயலூரார் மெச்சிய பிறகே சொந்த ஊரார் கண் திறப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல போலும்! மறு ஆண்டு, பையன்களின் விண்ணப்பத்தின்பேரில், விஸ்லர் எழுதிய கார்லைல் உருவப்படத்தைக் கிளாஸ்கோ நகரசபை ஆயிரம் கினி கொடுத்து வாங்கிற்று. 1902-இல் கத்ரியே எடின்பரோ ராஜாங்கக் கலைக் கழகத்தின் தலைவரானார். ஸர் பட்டமும் வந்தது. கலகக்காரர்களை நாற்காலி போட்டு அமர்த்தும் வித்தை அத்தேசத்தாருக்குக் கைவந்தது. அதை நாமும் கண்டிருக்கிறோம்.

கடைசியாகத் தென்கோடியிலுள்ள கர்கூப்ரி என்னும் சிற்றூருக்குப் போனோம். (அதன் இங்கிலீஷ் எழுத்துக்களைக் கூட்டி வாசித்தால் வேறு ஊர் வரும்.) பையன்களில் ஒருவரான ஹார்னெல் 1901-இல் வாங்கி வாழ்ந்த ப்ராட்டன் இல்லம், அழகிய தோட்டத்துடன், இன்று பொதுமக்கள் காணும்படி இருக்கிறது. 1893-இல் ஜப்பான் சென்று திரும்பியவர் அவர். 1907-இல் இலங்கைக்கும் போனார். புகைப்படங்களைத் துணையாகக் கொண்டு, பூக்களுக்கிடையே புன்னகைக்கும் பெண்களை எழுதினார். வர்ணம் நவரத்தினம் இழைத்தாற்போல் ஜொலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிளாஸ்கோவில் பிறந்த மளிகைக்கடைக்காரர் தாமஸ் லிப்டன் இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வாங்கியது, பையன்கள் மியூனிக்கில் புகழடைந்த அதே 1890-இல். அத்தீவின் மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள் நம் தென்னாட்டிலிருந்து போன ஏழைப் பெண்கள். நாம் பார்த்த படங்களில் ஒருத்தி முதுகிலும் கூடை கனக்கவில்லை. பண்ணையாள் மகளைக் கத்தியும் கையுமாக எழுதத் துணிந்த கூட்டத்தில் ஒருவர், அத்தனை கடல் தாண்டிப் போயும் பூவை மட்டுமே கண்டாரே என்று நமக்குத் தாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், எடின்பரோவில் வாங்கிய படக்கார்டை எடுத்துப் பார்த்தோம். கோசுத் தோட்டத்துச் சிறுமி இன்னும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.