மாதா மாதம் வரைந்தவர்

தோளில் பிணம், கையில் உருவிய வாள். வேதாளக் கதையின் தலைப்பில் மாதா மாதம் அதே படம்தான் வரும். அதேதான் என்று தெரிந்தும், அம்புலிமாமா பத்திரிகை கைக்கு வந்தவுடன் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவோம். விக்கிரமன் முகத்தில் பயமும் இருக்காது, வீறாப்பும் இருக்காது. வழக்கமான வேலைக்குக் கிளம்பியவனின் முகம். அதை வரைந்தவரும் அப்படித்தான், பஸ் பிடித்து ஆபீஸ் போகிறவர்கள்போல, வேலைக்குப் போய் வந்தவர் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன். 1924இல் பிறந்தவர். எழும்பூர் ஓவியப் பள்ளியில் ராய் சௌதுரி முதல்வராக இருந்த காலத்து மாணவர். 1946இல் கலைமகள் பத்திரிகையில் சேர்ந்து, 1952இல் வடபழனிக்கு, அம்புலிமாமாவுக்கு மாறினார். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. ஓவியர் சித்ரா ஏற்கெனவே அங்கே வரைந்துகொண்டிருந்தார். பின்னாளில் அட்டைப்படம் என்றால் வட்டாதி பாப்பையா. சங்கர் போய் உட்கார்ந்தார். பத்திரிகை நிற்கும்வரை, ஏறக்குறைய அறுபது ஆண்டு, அதற்கே வரைந்தார்.

நானும் குழந்தைகளுக்குப் படம் போட்டுப் பிழைக்கிறவன்தான். சில புத்தகங்களுக்குக் கதையும் நானே. அதனால் என் ஏக்கம் மற்றவர்களுடையதிலிருந்து கொஞ்சம் வேறு. அந்தக் கதைகளுக்காக நான் ஏங்கவில்லை. அவை இன்றும் ஏதாவது ஒரு வடிவில் கிடைக்கின்றன. பைண்டு செய்த பழைய தொகுப்பின் வாசனைக்காகவும் இல்லை. அதில் பாதி பூச்சி வாசனை. நான் ஏங்குவது அந்த மேசைக்காக. படம் வரைவதற்கென்று மாதச் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார்களே, அந்த ஏற்பாட்டுக்காக.

அந்த ஏற்பாடு கையை என்ன செய்தது என்பதைப் பழைய இதழ் ஒன்றை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு படம் இருக்கும். அதைச் சுற்றி எழுத்து வளைந்து ஓடும். ராஜா மந்திரியைக் கூப்பிட்டுப் பேசினான் என்று கதை ஒரே வரியில் முடித்துவிடும். படத்திலோ தூணும் போதிகையும் முழுசாக இருக்கும், வாசலில் காவல்காரன் நிற்பான், பின்னால் சாமரம் வீசுகிறவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். கதாசிரியர் எழுதாத ஆட்கள் அவர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அந்தச் சாமரக்காரியை வைத்தே தனியாக ஒரு கதை கட்டிவிடும். படக்காரரைக் கதாசிரியர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் பாதிக் கதை அவருடையது.

இன்னொன்று, அந்தப் படங்கள் தமிழுக்கு மட்டும் வரைந்தவை அல்ல. தெலுங்கு, கன்னடம், இந்தி என்று எந்தப் பதிப்பை எடுத்தாலும் அதே படம். சுற்றி ஓடும் எழுத்துதான் மாறும். பல பாஷைப் பிள்ளைகளுக்கு ஒரே விக்கிரமன். அவனுடைய ஊர் எது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதாகத் தெரியவில்லை.

மூலக் கதைகள் இருபத்தைந்துதான். அவை தீர்ந்த பிறகும் பத்திரிகை விடவில்லை. புதிது புதிதாக எழுத வைத்து வேதாளத்தை மறுபடி மறுபடி முருங்கை மரத்தில் ஏற்றினார்கள். எனக்குப் பொறாமையெல்லாம் இங்கேதான். இந்த மாதம் குதிரையின் பின்னங்கால் சரியாக அமையவில்லையா, போகட்டும், அடுத்த மாதம் இன்னொரு குதிரை வரும். சங்கருக்கு அறுபது வருஷக் குதிரைகள் கிடைத்தன.

பழையதுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. இதே சென்னையிலிருந்து தூலிகா, தாரா பதிப்பகங்கள் போடுகிற படப் புத்தகங்களை அன்றைக்கு யாராலும் கனவில்கூடப் போட்டிருக்க முடியாது. கறுப்புக் காகிதத்தில் கையால் அச்சிட்ட, கோண்டு ஓவியர்களின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ என் அலமாரியில் இருக்கிறது. அதைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே எனக்கு மனசு வராது. ஆனால் புத்தகம் என்பது ஒரு தடவைக் கதை. இருபத்து நாலு பக்கத்துக்கு ஒரு நரியை வரைகிறேன். அது எப்படி நடக்கும், கோபம் வந்தால் காதை எப்படி வைத்துக்கொள்ளும் என்று எனக்குப் பிடிபடும்போது இருபத்து மூன்றாவது பக்கம் வந்துவிடும். அப்புறம் அந்த நரி இல்லை. அடுத்த புத்தகத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும், அட்வான்ஸ் பேச வேண்டும், மாதிரிப் படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில்தான் கோடு போட வேண்டும். கையில் இருக்கிற டிஜிட்டல் பேனா எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதவிடுகிறது, நல்லதுதான். அடுத்த மாதக் குதிரையை மட்டும் அது தருவதில்லை.

அம்புலிமாமா 2007இல் மும்பை நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறி, சில வருஷங்களில் நின்றுபோனது. சங்கர் நிற்கவில்லை, ராமகிருஷ்ண விஜயம் பத்திரிகைக்கு வரைந்துகொண்டிருந்தார். 2020இல் காலமானார், மறு வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். விருதைவிட எனக்குப் பொறாமை கிளப்புவது அந்தக் கடைசி வருஷங்கள்தான். தொண்ணூறை ஒட்டிய வயதிலும், இந்த மாசப் படம் எப்போ சார் வரும் என்று கேட்க அவருக்கு ஒரு ஆபீஸ் இருந்திருக்கிறது.