வருசநாட்டில் ஒரு எஸ்பிரஸோ மிஷின்

ஐப்பசிக் கடைசி ஞாயிறு

மலையில் அடைமழை. மூல வைகை செந்நிறமாக ஓடுகிறது. இந்த வருசம் கிணறு ஊறும் என்று கடமலைக்குண்டு வரை எல்லோரும் தெம்பாகப் பேசுகிறார்கள்.

காலையில் காப்பி போடும்போதே முடிவெடுத்தேன்: இந்தச் சின்ன மிஷினை மாற்றியாக வேண்டும். அது கெட்டுப்போகவில்லை. பட்டனைத் தட்டினால் உடனே சூடேறுகிறது, நுரையோடு காப்பி வருகிறது. சிக்கல் அந்த நுரையில்தான் இருக்கிறது. இதன் சல்லடைக் கிண்ணத்துக்கு இரட்டை அடித்தளம். கீழ்த்தளத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை. எந்தத் தூளைப் போட்டாலும் அந்த ஓட்டை வழியே பீய்ச்சி நுரையாக்கிவிடும். போன வாரம் வறுத்த கொட்டைக்கும், மாசக்கணக்கில் டப்பாவில் கிடந்த தூளுக்கும் ஒரே முகம். போடி மலைக் காப்பியையும் சிக்மகளூர்க் காப்பியையும் அடுத்தடுத்துக் குடித்தாலும் வித்தியாசம் பிடிபடுவதில்லை. நம் தேனி மாவட்டத்து மலையில் விளைகிற பொருளின் ருசியை மறைக்கிற கருவி எனக்கு வேண்டாம்.

கார்த்திகை முதல் வாரம்

வாங்கப்போகும் புது மிஷினின் விலையை அப்பத்தாவிடம் சொன்னேன். "கறவ மாட்டு வெலையில்ல சொல்ற! அப்பிடி என்னய்யா காப்பி வரும் அதுல? கல்யாண வீட்டுல புஸ்ஸுனு ஆவியடிச்சுக் குடுப்பாகளே, அதுவா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கல்யாண வீட்டு மிஷின் ஆவியால் பாலை நுரைக்க வைக்கிறது; அதில் சேர்ப்பது பெரும்பாலும் கரையும் காப்பித்தூள். ஆவியை நம்பிக் காப்பி இறக்கும் கருவிகள் ரொம்பப் பழையவை. 1884இல் தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோண்டோ அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 1901இல் மிலானின் லூயிஜி பெத்ஸேரா, கேட்டவருக்குக் கேட்டவுடன் ஒரு கோப்பை இறக்கித் தரும்படி அதைத் திருத்தினார். ஆனால் ஆவியின் அழுத்தம் ஒன்றரை பார் அளவோடு நின்றுவிடும்; சூடு மிஞ்சிக் காப்பி கருகிக் கசக்கும். இதற்கு விடை கண்டவர் மிலானில் காப்பிக்கடை வைத்திருந்த அக்கில்லே காஜியா. 1938இல் முதல் காப்புரிமை, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1948இல் நெம்புகோல் மிஷின். ஆவியை ஒதுக்கிவிட்டு, ஸ்பிரிங் வலுவால் சுடுநீரைத் தூளுக்குள் அழுத்தினார். அழுத்தம் 9 பார் வரை ஏறியது. கோப்பையின் மேல் முதல்முறையாகப் பொன்னிற ஏடு படிந்தது. அதைத்தான் க்ரேமா என்கிறார்கள்: காப்பியின் எண்ணெயும், வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயுவும் சேர்ந்து எழும்புவது. பழைய கொட்டையில் அந்த வாயு போய்விடும், ஏடும் போய்விடும். 1961இல் ஃபேமா நிறுவனத்தின் ஈ-61 மிஷின், நெம்புகோலுக்குப் பதிலாக மோட்டார் பம்பைக் கொண்டுவந்தது.

இன்றைய வீட்டு மிஷின்களும் அந்த 9 பாரைத்தான் குறிவைக்கின்றன. அட்டைப்பெட்டியில் 15, 20 என்று போட்டிருப்பது பம்பின் உச்ச வலு. அதைப் பார்த்து யாரும் பணம் கொடுக்க வேண்டாம். நான் காஜியா கிளாசிக் வாங்குகிறேன். 1991இல் வந்தது, ஒற்றை பாய்லர், கடைகளில் இருப்பது போலவே 58 மில்லிமீட்டர் கிண்ணம், ஸ்குரூ டிரைவரால் கழற்றி மாட்டக்கூடிய உடம்பு. தேனிக்கும் மதுரைக்கும் சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு அலைய முடியாத ஊரில் கடைசிக் குணம்தான் முதல் குணம்.

பெரிய கார்த்திகைக்கு முந்தின நாள்

மிஷினுக்கு முன்னால் கிரைண்டர் வந்துவிட்டது. வேண்டுமென்றேதான் இந்த வரிசை. எஸ்பிரஸோவுக்கு 18 கிராம் தூள், 25 முதல் 30 நொடி, கோப்பையில் 36 கிராம் காப்பி. இதுதான் பரவலான கணக்கு. தூள் கொஞ்சம் பருமனாக இருந்தால் தண்ணீர் பாதி நேரத்தில் ஓடிவிடும், காப்பி புளிக்கும். ரொம்ப நைசானால் சொட்டுச் சொட்டாக வடிந்து கசக்கும். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டுகிறதே தவிர அரைப்பதில்லை. பொடியும் நொய்யும் கலந்து வரும், தண்ணீர் இடுக்குத் தேடி ஓடும். பற்கள் வைத்த இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நசுக்கும் கிரைண்டரில்தான் ஒரே சீராகத் தூள் கிடைக்கும்.

கடையில் அரைத்து வாங்கும் தூளும் இதற்கு ஆகாது. அது பில்டருக்கான பருமன். பெரும்பாலும் சிக்கரி வேறு இருக்கும். சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாக வேர்ப்பொடி இருக்கலாம். பில்டர் டிக்காஷனுக்குச் சிக்கரி தரும் கெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன், அப்பத்தாவின் காப்பி அதில்தான் நிற்கிறது. ஆனால் கொட்டையின் குணம் தெரிய வேண்டிய இடத்தில் சிக்கரிக்கு வேலை இல்லை.

மார்கழி பிறந்தது

மிஷின் வந்து சேர்ந்தது. எலக்ட்ரீசியன் அண்ணன் அதன் அடியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, "தம்பி, 1400 வாட்டுக்கு மேல இருக்கு. இத லைட்டுப் பாயிண்ட்ல சொருகக் கூடாது, பவர் பிளக் தனியாப் போடணும்" என்றார். போட்டுத் தந்தார். எர்த்தும் சரிபார்த்தார்.

இங்கே சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் சரியும். அது மிஷினை எப்படித் தாக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூடேற்றும் கம்பியின் வலு, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் வலு மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்கிவிடும். 1400 வாட் மிஷின் 950 வாட்டில் திணறும். 90லிருந்து 96 டிகிரிக்குள் தண்ணீர் நிற்க வேண்டிய நேரத்தில் சூடு பின்தங்கும், பம்பும் மெலியும். அதனால் தாங்கும் அளவுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன். நகரத்தில் மிஷின் வாங்குகிறவர்களுக்கு இந்தச் செலவு பட்டியலிலேயே இராது.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும். அதே சுண்ணாம்பு பாய்லருக்குள்ளும் குழாய்க்குள்ளும் படிந்தால் மிஷின் அடைத்துப்போகும். சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் காப்பி சப்பென்று இருக்கிறது, ருசியை இழுத்து வர உப்புகள் கொஞ்சமாவது வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரோடு சிறிது போர் தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன்.

மார்கழி நடுவில்

போடி மலையில் குரங்கணிப் பக்கம் போய்வந்தேன். காப்பிப் பழம் பறிக்கும் காலம். சில்வர் ஓக், பலா நிழலில் காப்பிச் செடிகள், மரங்களில் மிளகுக்கொடி. சிவந்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறித்தால் கூலி ஏறும். கிளையோடு உருவினால் காய், பழம் எல்லாம் கலந்து வரும், விலை இறங்கும். தோல் நீக்கிக் கழுவிக் காயவைக்கத் தண்ணீரும் களமும் ஆளும் வேண்டும். அதனால் சிறு விவசாயிகள் பலர் பழத்தை அப்படியே உலர்த்திப் போடி வியாபாரியிடம் போட்டுவிடுகிறார்கள். சாலை இல்லாத மலைக்கிராமங்களில் மூட்டை இன்னும் குதிரை முதுகில்தான் இறங்குகிறது.

இந்தியக் காப்பியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. அதில் முதல் வாடிக்கை நாடு இத்தாலி. இங்கிருந்து கொட்டை கப்பலேறுகிறது, அங்கிருந்து மிஷின் கப்பலேறி வருகிறது. நடுவில் வறுக்கும் வேலையும் அதன் லாபமும் அவர்கள் பக்கம். காப்பி வாரியம் 1942இலிருந்து இருக்கிறது, தாண்டிக்குடியில் ஆராய்ச்சி நிலையம்கூட இருக்கிறது. ஆனாலும் போடி ஏலக்காய்க்கு இருக்கிற பேர் அதன் பக்கத்திலேயே விளைகிற காப்பிக்கு இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

தோட்டக்காரர் ஒருவரிடம் கழுவிக் காயவைத்த கொட்டை கொஞ்சம் வாங்கினேன். போடியில் வறுத்து, வாயு சற்று அடங்கட்டும் என்று ஒரு வாரம் மூடி வைத்தேன்.

மாட்டுப்பொங்கல்

மிஷினை இருபது நிமிடம் முன்பே போட்டுவிட வேண்டும். பித்தளைத் தலைப்பகுதி முழுக்கச் சூடேறினால்தான் ருசி நிலைக்கும். ஒற்றை பாய்லர் என்பதால் காப்பி இறக்கியபின் ஆவிக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். வீடு நிறைய விருந்தாளி வந்தால் இது சிரமம்தான்; அதற்கு இரட்டை பாய்லர் வேண்டும், விலையோ இரு மடங்குக்கு மேல்.

குரங்கணிக் கொட்டையில் முதலில் மென்மையான புளிப்பு, பிறகு வெல்லத்தின் இனிப்பு, கடைசியில் மிளகின் காரம் போல ஒன்று. பழைய மிஷினில் அதே கொட்டையைப் போட்டுப் பார்த்தேன்: வெறும் கசப்பும் நுரையும். செலவழித்த பணத்துக்கு இந்த ஒரு வித்தியாசம் எனக்குப் போதும்.

அப்பத்தாவுக்குப் பால் நுரைத்து, கருப்பட்டி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மணமா இருக்குய்யா. நம்ம மலக் காப்பியா இது?" என்றார்.

கம்பத்திலிருந்து நண்பர் என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதியதையே இங்கும் எழுதி வைக்கிறேன். பணத்தைப் பிரித்தால் கிரைண்டருக்கு முதல் பங்கு கொடுங்கள். தண்ணீரையும் வோல்டேஜையும் பார்த்துவிட்டு மிஷினுக்குப் போங்கள். எதை வாங்கினாலும், போடியில் வறுக்கிற கடையில் நின்று, சிக்கரி சேர்க்காத, அரைக்காத, நம் மலைக் கொட்டை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் தருவிப்பார்.