கரண்ட்டும் கப்பலில்

2024 நவம்பர் 4
மதுரையில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, டெர்மினேஷன் வவுச்சரைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். அதைக் காட்டினால்தான் போர்ட் பிளேரில் கேஸ் இணைப்பு. காட்டினேன். "பேரு பதிஞ்சாச்சு. கப்பல் வரட்டும்."

நவம்பர் 5
வரவில்லை.

நவம்பர் 9
மீட்டர் வீட்டுக்காரர் பேரிலேயே இருக்கட்டுமாம். பில்லை நாங்கள் கட்டினால் போதும். ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். இங்கே மாதாமாதம், முதல் யூனிட்டிலிருந்தே காசு. என் கணவர் புலம்பித் தீர்த்துவிட்டார்.

நவம்பர் 10
ஐந்து மணிக்கே இருட்டு. ஆறு மணிக்கு கரண்ட் போயிற்று. இண்டக்‌ஷன் அடுப்பில் அரிசி பாதி வெந்து நின்றது. பக்கத்து வீட்டு அக்கா டார்ச்சோடு வந்து, பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அடுப்பில் வைத்தார். அவர் அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்.

"கேஸ் மட்டுமா? கரண்ட்டும் கப்பல்லதாம்மா வருது. டீசலா வரும். இங்க எரிச்சு எடுக்கிறாங்க."

"சோலார் இருக்கேக்கா?"

இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் இதே கராச்சர்மாவில் என்டிபிசியின் 5 மெகாவாட், 2013 முதல். பிறகு 2020இல் என்எல்சியின் 20 மெகாவாட், பேட்டரியோடு. ஆனாலும் பெரும்பங்கு டீசல்தான்; ஆகும் செலவில் ஒரு பகுதியைத்தான் நம் பில்லில் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் 2020இல் வந்துவிட்டது. கரண்ட்டுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "என்கிட்ட ரெண்டு சிலிண்டர். ஒண்ணு எடுத்துக்க. உனக்கு வந்ததும் குடு."

"எப்ப வரும்னு தெரியலையேக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

நவம்பர் 11
அக்காவின் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் இல்லை. இணைப்பு கிடைத்தால்தான் அதைத் தருவார்கள். அடுக்களை மூலையில் கம்பீரமாக நிற்கிறது. பார்த்தாலே எரிச்சல்.

நவம்பர் 16
அம்மா போனில்: "அங்க கரண்டெல்லாம் இருக்காடி?" சுள்ளென்று வந்தது. "எப்படி வருதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்திவிட்டேன். பாவம், வைத்துவிட்டாள்.

நவம்பர் 17
ஹால் விளக்கை அணைத்தேன். இவர் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம்.

நவம்பர் 23
கப்பல் வந்துவிட்டது. சரக்குக் கப்பல், கேஸ் இல்லை. வெங்காயம் விலை இறங்கும் என்றார் அக்கா. நாளை இரண்டு கிலோ வாங்க வேண்டும். அக்காவுக்கும் ஒரு கிலோ.