வீட்டு கம்ப்யூட்டருக்கு யாரு அட்மின்?

நம்ம ஆளுங்க கிட்ட ஒரு வியாதி உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கறான்னு தெரிஞ்சா போதும், கல்யாண வீடு, கருமாதி வீடுன்னு பார்க்காம ஓரமா கூட்டிட்டுப் போயி "தம்பி, எங்க வீட்டு சிஸ்டம் ஆன் பண்ணா பாஸ்வேர்டு கேக்குது, என்ன பண்றது?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்துல அப்படித்தான் ஒருத்தர் மாட்டினார். இல்ல, நான் மாட்டினேன் :-) அவர் பிரச்சினையைக் கேட்டதும் எனக்கு 2007 தீபாவளி ஞாபகம் வந்துடுச்சு. அதை எழுதி வச்சிடலாம்னுதான் இது.

அப்ப நான் பெங்களூர்ல. அப்பா மட்டும் கும்பகோணத்துல. அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ரிட்டயர் ஆன மனுஷன் தனியா உக்காந்துகிட்டு சுவத்தைப் பார்த்துட்டு இருக்காரேன்னு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருந்தேன். விண்டோஸ் எக்ஸ்பி, 512 எம்பி ராம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்துக்கு அது பெரிய மெஷின்! இ-கலப்பை போட்டு, தமிழ்ல அடிக்கவும் சொல்லிக் குடுத்தேன். முதல் மாசம் "அம்மா"ன்னு அடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆறு மாசத்துல மனுஷன் என்னை விட வேகம்.

ஒரு தடவை ஊருக்குப் போனப்ப, "லீவு விட்டா அக்கா பசங்க வந்து எல்லாத்தையும் நோண்டுதுங்கடா. நான் எழுதறதை யாரும் பார்க்காம வைக்க வழி இருக்கா?"ன்னு கேட்டார். இது என்ன பெரிய விஷயம்னு நான்தான் காட்டிக் குடுத்தேன். பசங்களுக்குத் தனி யூசர் அக்கவுண்ட். அப்பாவோட ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அதுல "இந்த ஃபோல்டரை பிரைவேட் ஆக்கு"ன்னு ஒரு கட்டம். டிக் அடிச்சா முடிஞ்சுது. என்ன எழுதறார்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

2007 தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி போன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"டேய், ஆக்சஸ் ஈஸ் டினைடுன்னு வருதுடா. என் ஃபோல்டரை எனக்கே திறக்க மாட்டேங்குது."

விசாரிச்சா கதை இதுதான். பென் டிரைவ் வழியா வைரஸ் வந்து சிஸ்டம் படுத்திருக்கு. பக்கத்துத் தெரு கடைப் பையனைக் கூப்பிட்டிருக்கார். அவன் "டேட்டா ஒண்ணும் போவாது சார்"னு சொல்லிட்டு எக்ஸ்பியை மறுபடி இன்ஸ்டால் பண்ணியிருக்கான். நல்லவேளை ஃபார்மட் பண்ணல, பழைய பார்ட்டிஷன் மேலேயே போட்டிருக்கான். அப்பாவுக்கு அதே பேர்ல புது அக்கவுண்ட்டும் போட்டுக் குடுத்துட்டு நானூறு ரூபா வாங்கிட்டுப் போயிட்டான்.

"அதே பேருதானடா, அப்புறம் ஏன் திறக்கல?" அப்பாவோட கேள்வி நியாயமானது. ஆனா விண்டோஸ் பேரைப் பார்க்கறதே இல்லை. ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் உள்ளுக்குள்ள ஒரு நீளமான அடையாள எண் இருக்கு. ஃபோல்டருக்கு யார் சொந்தக்காரர், யார் திறக்கலாம்ங்கறதெல்லாம் அந்த எண்ணை வச்சுத்தான். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணினா பேரு அதேதான், எண் வேற. ரேஷன் கடையில "நான்தாங்க அதே முருகேசன்"னு சொன்னா அரிசி குடுப்பாங்களா? கார்டு நம்பரைத்தானே பார்ப்பாங்க. அந்தக் கதைதான்.

போன்லயே சரி பண்ணிடலாம்னு பார்த்தேன். முடியல. "சரிப்பா, எப்படியும் நாளன்னிக்கு வரேன், எதையும் தொடாதீங்க"ன்னு வச்சுட்டேன். அப்பா போனை வைக்கறதுக்கு முன்னாடி, "ஒரு வருஷமா எழுதினதுடா"ன்னு மட்டும் சொன்னார்.

பஸ்ஸுல தூக்கம் வரல. எனக்கு இருந்த பயம் வேற. எக்ஸ்பி ப்ரொஃபஷனலா இருந்து, அப்பா எங்கயோ கை வச்சு ஃபோல்டரை என்க்ரிப்ட் பண்ணியிருந்தா கதை கந்தல். அதோட சாவி பழைய அக்கவுண்ட்டோட போயிருக்கும், எந்த அட்மின் வந்தாலும் படிக்க முடியாது. பேக்கப்னு ஒரு சிடி கூட நான் போட்டு வைக்கல. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவன், அப்பாவுக்கு டிக் அடிக்கச் சொல்லிக் குடுத்தேனே தவிர, இதைச் சொல்லல.

வீட்டுக்குப் போனதும் காபி கூட குடிக்காம மை கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து பார்த்தேன். ஹோம் எடிஷன். அப்பாடா! பழையதும் அதே ஹோம் எடிஷன்தான். அதுல என்க்ரிப்ட் பண்ற வசதியே கிடையாது. ஆக பூட்டு மட்டும்தான், உள்ள இருக்கறது பத்திரம்.

ஆனா ஹோம் எடிஷன்ல இன்னொரு வில்லங்கம். சாதாரணமா திறந்தா ப்ராப்பர்ட்டீஸ்ல செக்யூரிட்டிங்கற டேப் காட்டவே காட்டாது. சேஃப் மோடுக்குப் போகணும். ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் படம் வர்றதுக்கு முன்னாடி எஃப்8-ஐ தட்டிக்கிட்டே இருந்தேன். கறுப்புத் திரை, நாலு மூலையிலயும் சேஃப் மோடுன்னு எழுத்து, பூதாகரமா ஐகான். அப்பா பதறிட்டார், "என்னடா ஆச்சு, போயிடுச்சா?"ன்னு.

லாகின் திரையில ரெண்டு பேர் இருந்தது. ஒண்ணு, மத்த நேரத்துல ஒளிஞ்சுகிட்டு இருக்கற அட்மினிஸ்ட்ரேட்டர். அதுக்கு கடைப் பையன் பாஸ்வேர்டே வைக்கல, எண்டர் தட்டினா உள்ள போயிடலாம். இன்னொண்ணு அப்பாவோட புது அக்கவுண்ட். அதுவும் அட்மின் உரிமை உள்ளதுதான். எக்ஸ்பி இன்ஸ்டால் பண்றப்ப போடற அக்கவுண்ட் எல்லாமே அப்படித்தான் வரும்.

என் கை பழக்கத்துல அட்மினிஸ்ட்ரேட்டர் மேல போச்சு. அதுல போய் ஓனர்ஷிப்பை நான் எடுத்துகிட்டா அந்த ஃபோல்டர் எனக்குத் திறக்கும், அப்பாவுக்கு அப்புறம் தனியா குடுக்கணும். பின்னாடி திரும்பிப் பார்த்தேன். அப்பா கதவு நிலையைப் பிடிச்சுகிட்டு நின்னுட்டு இருந்தார்.

"அப்பா, நீங்க உக்காருங்க. உங்க பேர்ல போங்க. நான் சொல்றேன், நீங்க பண்ணுங்க."

பாஸ்வேர்டு அடிக்கறப்ப நான் ஜன்னல் பக்கம் பார்த்துகிட்டேன். பழைய அக்கவுண்ட்டோட ஃபோல்டர் டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்க்குள்ள அப்படியே இருந்தது. ஃபோல்டர் மேல ரைட் கிளிக். ப்ராப்பர்ட்டீஸ். செக்யூரிட்டி. அட்வான்ஸ்டு. ஓனர். பட்டியல்ல அவர் பேரைத் தேர்ந்தெடுத்து, உள்ள இருக்கற எல்லாத்துக்கும் ஓனரை மாத்துங்கற கட்டத்துல டிக். ஓகே. "உனக்கு முழு உரிமை குடுக்கற மாதிரி மாத்தட்டுமா?"ன்னு ஒரு கேள்வி வந்தது. "யெஸ் குடுங்கப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் ஃபைல் பேரா ஓடிச்சு, நின்னுச்சு.

டபுள் கிளிக் பண்ணார். திறந்தது. உள்ள ஒரே ஒரு ஃபோல்டர். அம்மா பேர்.

நான் எழுந்து காபி போடப் போயிட்டேன்.

திரும்பி வந்தப்ப அப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டா, நான் பிரைவேட்னு பூட்டி வச்சிருந்தேனே. நீ நினைச்சிருந்தா எப்ப வேணா இப்படித் திறந்திருக்கலாம், இல்ல?"

"ஆமாம்பா. அட்மின் உரிமை யார்கிட்ட இருக்கோ அவங்க திறக்கலாம்."

"அந்தக் கடைப் பையனும்?"

"அவனும்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "படிச்சியா?"ன்னார்.

"இல்லப்பா."

தலையை ஆட்டினார். நம்பினாரான்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கே ரெண்டு சிடி எழுதினோம். ஒண்ணு அம்மாவோட பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில போச்சு. அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு வச்சு, அதை அப்பாவோட டைரியில அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். தினசரி வேலைக்குத் தனியா ஒரு லிமிடெட் அக்கவுண்ட், வைரஸ் வந்தாலும் சிஸ்டம் முழுக்கப் பரவறது குறையும்னு.

தீபாவளி அன்னிக்கு, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்து, "ஒரு பக்கம் படிக்கறேன், எழுத்துப்பிழை இருந்தா சொல்லு"ன்னு அவராவே ஆரம்பிச்சார். கல்யாணமான புதுசுல முதல் சம்பளக் கவரை அம்மா கையில குடுத்தாராம். அம்மா எண்ணிப் பார்த்துட்டு, அதுலேர்ந்து ரெண்டு ரூபா எடுத்து "உங்க டீ செலவுக்கு"ன்னு அவர்கிட்டயே திருப்பிக் குடுத்தாங்களாம். எங்க வீட்டுல அட்மின் யாருன்னு அப்பதான் புரிஞ்சுது :-) ரெண்டு பேரும் சிரிச்சோம். மிச்சத்தை அவர் படிக்கல, நானும் கேக்கல.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்லயே கும்பிடு போட்டுடுச்சு. விஸ்டாவிலேர்ந்து அந்த ஒளிஞ்சிருக்கற அட்மினிஸ்ட்ரேட்டரை முடக்கியே குடுக்கறாங்க. இப்ப வர்ற விண்டோஸ் 11 மெஷின்கள்ல நிறைய, நமக்குத் தெரியாமலே டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணி வச்சிருக்கு. 2007-ல எனக்கு அடிச்ச அதிர்ஷ்டம் அதுல அடிக்காது. 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், அது இல்லைன்னா எந்த சேஃப் மோடும் காப்பாத்தாது. சாதாரணமா அந்த கீ நம்ம மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும். இன்னிக்கே எடுத்து ஒரு காகிதத்துல எழுதி வைங்க.

நிச்சயதார்த்தத்துல கேட்டவருக்கும் அதைத்தான் சொன்னேன். அது அவரோட மாமனார் கம்ப்யூட்டராம். "சரி பண்ணி வைங்க, ஆனா ஓனர் கட்டத்துல மாமனார் பேரையே போடுங்க"ன்னேன். "அது எதுக்கு சார், நான்தானே பார்த்துக்கறேன்?"ன்னார்.

பந்தியில இடம் கிடைச்சதும் உக்காந்து இந்தக் கதையைச் சொன்னேன். அப்பளம் ஆறிப்போச்சு, ஆனா கேட்டுகிட்டார்.