ஷெரீஃப் காரில் ஒரு ராத்திரி!

போலீஸ் காரில் பின்சீட்டு கிடைப்பது சுலபம். யாரையாவது ஓங்கி ஒரு அறை விட்டால் போதும். முன்சீட்டு கிடைக்கத்தான் சிபாரிசு வேண்டும்.

எனக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் பல ஷெரீஃப் ஆபீஸ்களில் 'ரைடு அலாங்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. மனுப் போட்டால் ரோந்து காரில் ஒரு ஷிப்ட் கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள். மச்சினன் வீட்டுக்கு லீவில் போயிருந்தேன். எதிர்வீட்டில் ரிடையரான டெபுடி ஒருவர். அவர் புண்ணியத்தில் காரியம் நடந்தது. 'எனக்கு ஏதாவது ஆனால் யார் மீதும் கேஸ் போட மாட்டேன், என் வாரிசுகளும் போட மாட்டார்கள்' என்று படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பி.காம். படித்தவனாச்சே, மூன்று தடவை படித்துப் பார்த்தேன். மூன்று தடவையும் நஷ்டம் என் கணக்கில்தான் வந்தது.

இடம், கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஆனால் இது 52,000 சதுர கிலோமீட்டர்! கேரளாவைத் தூக்கி உள்ளே வைத்தாலும் ஓரத்தில் இடம் மிச்சமிருக்கும். பெரும்பகுதி மொஹாவி பாலைவனம்.

சென்னையிலும் ஒரு ஷெரீஃப் இருந்தாரே, ஞாபகமிருக்கிறதா? ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை நியமிப்பார்கள். விழாக்களில் முன்வரிசையில் உட்காருவார். 1998-ல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். இங்கே ஷெரீஃப் வேறு ரகம். ஜனங்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர். ஜெயில் அவர் கையில், கோர்ட் காவல் அவர் கையில். இந்தக் கவுண்டியில் 2005 முதல் சந்தேக மரணங்களை விசாரிக்கும் கொரோனர் வேலையும் அவருக்குத்தான். அவர் பெயரைச் சொல்லி ராத்திரி பகலாக ரோட்டில் அலைகிறவர்கள்தான் டெபுடிகள்.

பார்ஸ்டோ என்ற ஊரில் சாயந்திரம் ஏறிக்கொண்டேன். என் டெபுடிக்கு நாற்பது வயதிருக்கும். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது. மனிதர் சட்டைக்குள் புல்லட் புரூஃப் கவசத்தோடு இருந்தார். எனக்கு பனியனே பாரமாக இருந்தது.

ஊர் எல்லைக்குள் நகர போலீஸ். எல்லையைத் தாண்டினால் ஷெரீஃப். நெடுஞ்சாலையில் எவனாவது பறந்தால் அது ஹைவே பேட்ரோல் சமாசாரம். "அப்ப நீங்க ஸ்பீடு டிக்கெட் கொடுக்க மாட்டீங்களா?" என்றேன் ஏமாற்றத்துடன். "அதுக்கு வேற ஆள் இருக்காங்க. மிச்சமிருக்கிறதெல்லாம் எனக்கு" என்றார்.

மிச்சம் என்பது என்ன? முதல் அழைப்பு, ரோட்டில் குதிரை. வேலி அறுந்து இரண்டு குதிரைகள் நடுரோட்டில் நின்றன. துப்பாக்கி, கம்ப்யூட்டர், வயர்லெஸ் சகிதம் போன நாங்கள் அரைமணி நேரம் 'ஹை, ஹை' என்று கையை ஆட்டினோம். உசிலம்பட்டியில் என் சித்தப்பா இதைச் சம்பளமில்லாமல் செய்வார்.

சூரியன் இறங்கியதும் ரோடு வெறிச்சோடியது. காரில் அவர் ஒருவர்தான், கூட்டாளி கிடையாது. (நான் கணக்கில் சேர்த்தியில்லை.) இன்னொரு கார் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பேக்கர் பக்கம் போயிருக்கிறதாம். பேக்கர் நூறு கிலோமீட்டர். உலகத்திலேயே உயரமான தெர்மாமீட்டர் இருக்கும் ஊர் அது. 1913-ல் பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானதாம். அதன் நினைவாக 134 அடி உயரம்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பட்டனை அமுக்குங்க. எங்க இருக்கோம்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்" என்றார், காபி ஆர்டர் கொடுக்கிற தொனியில். அதற்கப்புறம் வேடிக்கை பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ரோட்டுப் பெயரையும் மைல்கல்லையும் சுலோகம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

பாழடைந்த பெட்ரோல் பங்க் ஒன்றில் விளக்கில்லாத கார். எங்கள் கார் நிற்பதற்குள் இடத்தையும் நம்பர் பிளேட்டையும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார். இறங்கிப் போகிறபோது அந்தக் காரின் டிக்கியை லேசாகத் தொட்டார். டிக்கி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கிறாராம். இன்னொன்றும் உண்டு. தனக்கு ஏதாவது ஆகி அந்தக் கார் ஓடிவிட்டால், கைரேகை அதில் இருக்கும். இது அந்தக் காலத்துப் பழக்கமாம். இப்போது காமிரா இருந்தாலும் கை போய்விடுகிறதாம். உள்ளே, லாஸ் வேகஸ் போகிற வழியில் தூங்கிப்போன இரண்டு காலேஜ் பையன்கள். "வாயைத் திறந்து தூங்கறாங்க, பாவம்" என்று திரும்பி வந்தார். எனக்குத்தான் சட்டை நனைந்திருந்தது.

ஒன்பதரை மணிக்கு அந்த அழைப்பு வந்தது. வேறு மாநிலத்திலிருந்து ஒரு பெண் பேசியிருக்கிறாள். நியூபெரி ஸ்பிரிங்ஸ் பக்கம் அப்பா தனியாக இருக்கிறார், இரண்டு நாளாக போனை எடுக்கவில்லை, கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா? இதற்கு 'வெல்ஃபேர் செக்' என்று பெயர். நாற்பது நிமிஷம் ஓட்டினோம். கடைசிப் பகுதி மண் ரோடு. டெபுடி அதுவரை பேசிக்கொண்டு வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு முன்னால் நிறுத்தவில்லை. கொஞ்சம் தள்ளி, விளக்கை அணைத்து நிறுத்தினார். என்னை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு நடந்தார். கதவுக்கு நேரே நிற்காமல் பக்கச் சுவரோடு ஒட்டி நின்று தட்டினார். "ஷெரீஃப் டிபார்ட்மென்ட்!" பதில் இல்லை. மறுபடி தட்டினார். ஒரு நாய் குரைத்தது. ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்றாவது தட்டல். ரோட்டுப் பெயர் எனக்கு மறந்தே போய்விட்டது.

கதவு திறந்தது. வேஷ்டி கட்டாத தாத்தா, அரை டிராயரில். காது மிஷினைக் கழற்றிவிட்டு, போனை சார்ஜ் போட மறந்துவிட்டு, டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். "என் வீட்டில் வெளிச்சம் அடிக்க நீ யார்?" என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். டெபுடி வாங்கிக் கட்டிக்கொண்டு, தன் போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். தாத்தா அப்போதுதான் உட்கார்ந்தார்.

திரும்பும்போது, "இந்த மாசம் மூணு கதவு. போன வாரத்துக் கதவு திறக்கலை" என்றார். அப்படியானால் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ யாராவது சொல்லியாக வேண்டும். கொரோனர் வேலையும் இவர்கள் டிபார்ட்மென்ட்தானே? அடுத்த கேள்வி நான் கேட்கவில்லை. அவர் கம்ப்யூட்டரில் நேரத்தைத் தட்டினார். வந்தது, போனது, முடிந்தது. ஒரு வரிதான். நம்ம டே புக் மாதிரி.

பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டு, அடுத்த அழைப்புக்குப் போய்விட்டார். அவர் ஷிப்ட் முடிய இன்னும் நேரமிருந்தது. மச்சினன் வருகிற வரையில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஊரில் அப்போது பகல் பதினொன்றரை. கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறாள். போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாள்.

"மாடியில வடாம் காயப் போட்டுட்டிருந்தேன். உனக்கு அங்க நடுராத்திரி ஆச்சே, தூங்காம எங்கடா இருக்கே?"

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்லம்மா."

"ஐயோ... என்னடா பண்ணித் தொலைச்சே?"