கிட்வாய் நகரில் காற்றிழந்த சக்கரம்

தில்லியில் முருங்கைக்காயும் மீனும் தேடும் தமிழர் ஐ.என்.ஏ. சந்தைக்கு வருவதுண்டு. அதன் அண்மையில் இருப்பது கிட்வாய் நகர். 1954-இல் மறைந்த மத்திய அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது. கிழக்குப் பகுதியில் பழைய அரசுக் குடியிருப்புகள் அகன்று அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

ஒரு குளிர்கால மாலை, எய்ம்ஸ் மருத்துவமனையில் இருந்த உறவினருக்குக் கஞ்சி எடுத்துச் சென்றபோது, ரிங் ரோட்டில் என் மின்சார ஸ்கூட்டரின் பின்சக்கரம் காற்றிழந்தது. பங்க்சர் கடைக்காரர் குனிந்து பார்த்தார். "இது மோட்டார் சக்கரம், பாய் சாஹப், நான் கழற்றமாட்டேன்" என்றார். அவரைக் குறைகூற இயலாது. இத்தகைய வண்டிகளில் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது; மின்கம்பி இணைப்பைப் பிரிக்காமல் சக்கரத்தை இழுத்தால் கம்பி அறுந்துவிடும்.

கஞ்சியோ ஆறிக்கொண்டிருந்தது. "கழற்றவே வேண்டாம், டயரின் ஒரு விளிம்பை மட்டும் நெம்புங்கள்" என்றேன். துளை இருந்த இடத்தில் டியூபை வெளியே இழுத்து, சுரண்டி, ஒட்டினார். டயருக்குள் விரலால் தடவி ஆணியையும் எடுத்தார். அதை மறந்தால் புதிய ஒட்டும் வீண்.

நீங்கள் வண்டி வாங்குமுன் டயர் டியூப்லெஸ்தானா என்று கேளுங்கள். அதில் ரப்பர் திரியைச் செருகினாலே போதும். காற்றில்லாத சக்கரத்தில் ஓட்டிச் செல்லாதீர்கள், டயரே கிழியும். குளிரில் காற்றழுத்தம் தானாகவே குறையும் என்பதால் அடிக்கடி சோதியுங்கள்.

அக்கடைக்காரர் இப்போது மின்வண்டிகளைத் திருப்பி அனுப்புவதில்லை.